தவமலர் விசாரித்த கல்லூரி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாணப் பேச்சு முற்றாகிற கட்டத்துக்கு வந்தால், சபையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "தவமலரக்கா விசாரிச்சவவோ?" ஓம் என்றால் பேச்சு மேலே போகும். இல்லை என்றால் பலகாரத் தட்டு இன்னொருமுறை சுற்றிவரும், குளிரைப் பற்றிக் கதைப்பார்கள், ஒருவரும் நாள் குறிக்க மாட்டார்கள்.

தவமலர் தரகர் இல்லை. அப்படி யாராவது சொன்னால் முகம் கறுத்துவிடும். இடம் கொண்டுவருவது மற்றவர்களின் வேலை. வந்த இடத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் தவமலரின் வேலை. பகலில் ஓர் ஆரம்பப் பாடசாலைச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவார். மாலையில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டு முன்னறையில், நோகிற காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு தொலைபேசியை மடியில் எடுப்பார். பாரிஸ், சூரிச், ரொறன்ரோ, சிட்னி. எந்த ஊரில் மாப்பிள்ளை இருந்தாலும், மூன்றாவது அழைப்பிலேயே அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவரைப் பிடித்துவிடுவார்.

அவருடைய முறை தனி. மாப்பிள்ளையைப் புகழ்கிறவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. "தயிர் விக்கிறவள் புளிப்பெண்டு சொல்லுவாளோ?" என்பார். அந்த வீட்டை விட்டுப் போனவர்களைத்தான் தேடுவார். வாடகைக்கு இருந்து விலகியவர், சேர்ந்து கடை நடத்திப் பிரிந்தவர். எல்லாருக்கும் மேலாக, அந்த வீட்டுக்கு முதலே போன மூத்த மருமகள். "மூத்தவளை எப்பிடி வைச்சிருக்கினம் எண்டு பாத்தால், இளையவளை எப்பிடி வைச்சிருப்பினம் எண்டு தெரியும். இதுக்கு ஏன் சாத்திரம்?"

2009ஆம் ஆண்டு இந்த வேலை நின்றுபோனது. சித்திரையில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்ற சனம், வன்னியில் போர் முடிந்த வைகாசிக்குப் பிறகு வீடுகளுக்குள் அடங்கிவிட்டது. தொலைபேசியை எடுத்தால் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் எந்த முகாமில் என்றுதான் கேட்டார்கள். தவமலரும் அந்தக் கோடை முழுவதும் அதைத்தான் விசாரித்தார். ஒரு வீட்டிலும் கலியாணக் கதை எடுபடவில்லை. ஆகவே ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வாமதேவனும் ஜெயகௌரியும் முன்னறைக்குள் வந்து இருந்து, "அக்கா, ஒரு இடம் வந்திருக்கு" என்று சொன்னபோது, தவமலருக்கு நெடுநாளைக்குப் பிறகு மனம் கொஞ்சம் இளகியது.

"ஆருக்கடா?"

"நிரூபனுக்கு."

தவமலர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கென்ன விசரே? அவன் இன்னும் பள்ளிக்கூடம் போறான்."

"கலியாணமில்லை அக்கா. கல்லூரி. அமெரிக்காவிலை."

வாமதேவனும் தவமலரும் ஒரே ஊர். வாமதேவன் ஜெர்மனியில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்த ஜெயகௌரியை விசாரித்துப் பேச்சை முற்றாக்கியதே தவமலர்தான். மகன் நிரூபன் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பிறந்தான். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அமெரிக்கன் ஃபுட்போலைப் பிடித்துக்கொண்டவன், குடும்பம் லண்டனுக்கு வந்து, வாமதேவன் பார்க்கிங் என்கிற பகுதியில் மளிகைக் கடை போட்ட பிறகும் அதை விடவில்லை.

"பேர்தான் ஃபுட்போல். கால் படுறது குறைவு," என்றார் தவமலரின் கணவர் பத்மநாதன், யன்னலோரக் கதிரையிலிருந்து. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இப்போது விளையாட்டுச் சனல்களின் நிரந்தரப் பயணி. "முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கையாலை எறிவினம். இவன் குவாட்டர்பாக். எண்டால், எல்லாருக்கும் நடுவிலை நிண்டு பந்தை வாங்கி, ஆருக்கு எறியிறதெண்டு முடிவெடுக்கிற ஆள்."

"அவ்வளவு பெரிய வேலையோ?"

"ஓம். அந்த மைதானத்திலை அவன்தான் தவமலர்."

ஜெயகௌரி சிரித்தார். வாமதேவன் சிரிக்கவில்லை. கதையை அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. நிரூபன் தான் விளையாடுகிற வீடியோவை எத்தனையோ அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறான். ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கதைத்தது. ஒகையோ மாநிலத்தில், ஹார்லன் கிறீக் என்று ஒரு சின்னக் கல்லூரி. அங்கே பயிற்சி கொடுக்கிற கோச் ஹென்ட்றிக்ஸ், படிப்புச் செலவில் பெரும்பங்கைத் தாங்கள் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நிரூபன் தொலைபேசியிலேயே 'கொமிற்' பண்ணிவிட்டான்.

"அதென்ன கொமிற்?"

"வாறன் எண்டு வாக்குக் குடுக்கிறது. கையெழுத்து மாசியிலைதான்."

"அப்ப பேச்சு முற்றாச்சுது, எழுத்துத்தான் மிச்சம்."

"எங்களைக் கேளாமலே முற்றாக்கிப் போட்டான் அக்கா!" வாமதேவனுக்குக் குரல் உயர்ந்தது. "இஞ்சை லண்டன் யூனிவேர்சிற்றி ஒண்டு எஞ்சினியரிங்குக்கு இடம் தாறமெண்டு சொல்லிப்போட்டுது. அதை விட்டிட்டு, பேர் தெரியாத காட்டுக்கை போகப்போறானாம். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. ஊர் உலகத்திலை ஒருத்தரும் கேளாத பொடியனை, ஒருத்தன் மட்டும் ஏன் கேக்கிறான்?"

இது தவமலருக்குப் பழக்கமான கணக்கு. "ஒண்டில் பொடியனிலை குறை இருக்க வேணும். இல்லாட்டிக் கேக்கிற இடத்திலை."

"அதைத்தான் நீங்கள் விசாரிச்சுச் சொல்ல வேணும். நல்ல இடம் எண்டு நீங்கள் சொன்னால் அனுப்புறன். இல்லையெண்டால் அந்தக் கதையை இதோடை விடச் சொல்லுங்கோ. அவனும் அதுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டான்."

அப்படியாக ஒரு பையனின் நாலு வருடம் தவமலரின் மடிக்கு வந்து சேர்ந்தது.

முதலில் பையனைப் பார்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை பத்மநாதனைக் கூட்டிக்கொண்டு, பிளாஸ்கில் கோப்பியோடு, மழை ஊறிய ஒரு பார்க்குக்குப் போனார். தலைக்கவசமும் தோளில் பலகை வைத்தாற்போன்ற கவசமுமாக ஒரு கூட்டம் சேற்றில் மோதி விழுந்தது. விளையாட்டு அவருக்கு ஒரு சொட்டும் விளங்கவில்லை. கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார். ஆள் எப்படிச் சிரிக்கிறான் என்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. சோறு பிந்தினால் என்ன செய்கிறான் என்று பார்ப்பார்.

நிரூபன் எறிந்த பந்தை ஒரு நெட்டைப் பையன் கைக்கு வந்தும் தவறவிட்டான். எல்லாரும் சத்தம் போட்டார்கள். நிரூபன் அவனிடம் ஓடிப்போய்க் காதில் ஏதோ சொன்னான். அடுத்தமுறையும் அவனுக்கேதான் எறிந்தான். இந்தத் தடவை அவன் பிடித்தான்.

"முதல் விட்டவனுக்கே ஏன் திருப்பிக் குடுக்கிறான்?" என்று கேட்டார் தவமலர்.

"இப்ப குடுக்காட்டி அவன் இண்டைக்கு முழுக்க விடுவான்," என்றார் பத்மநாதன்.

தவமலர் அதை மனதில் முடிந்துவைத்தார். ஆட்டம் முடிந்ததும் நிரூபன் சேறும் வேர்வையுமாக வந்து நின்றான். கவசத்தைக் கழற்றியபோது, பாதி ஆள் காணாமல் போனமாதிரி இருந்தது.

"மாமி, நீங்கள் வந்தது நைஸ். குளிரேல்லையா?"

"அதை விடு. உன்னை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

அவன் கூசவில்லை. "நான் கட்டை, மாமி. முன்னாலை நிக்கிறவங்கள் எல்லாரும் ஆறடிக்கு மேலை. அவங்களுக்கு மேலாலை பாத்து எறிய வேணும். கட்டையான குவாட்டர்பாக்கை ஒருத்தருக்கும் பிடிக்காது."

"உயரம் காணாதெண்டு தட்டிப்போன இடங்களை நான் கனக்கக் கண்டனான்," என்றார் தவமலர். குறை வெளியில் தெரிகிற குறைதான் என்பதில் அவருக்கு நிம்மதி. ஒளித்த குறைதான் குடியைக் கெடுக்கும்.

இனி இடத்தைப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் இருந்த ஒன்றுவிட்ட தங்கை தவநாயகி மூலமாக, அந்தக் கல்லூரிக்கு இரண்டு ஊர் தள்ளிக் கணக்காளராக இருந்த ஜம்புநாதன் என்பவரைப் பிடித்தார். ஜம்புநாதன் காரில் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கட்டடம் செங்கல், புல்லு வடிவாக வெட்டியிருக்கிறது, சனம் வணக்கம் சொல்கிறது என்று அறிக்கை கொடுத்தார். புல்லை வைத்து யாரும் பெண் கொடுப்பதில்லை. தவமலர் நிரூபனிடம் நம்பரை வாங்கி, நேரே கோச் ஹென்ட்றிக்ஸுக்கே எடுத்தார்.

தவமலரின் ஆங்கிலம் பாடசாலைச் சமையலறையில் வளர்ந்தது. கட்டளையிடவும் சமாதானம் செய்யவும் காணும். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் சாப்பிடாத பிள்ளைக்கு என்ன கொடுப்பீர்கள், படிப்பில் கோட்டைவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் அடுக்க, கோச் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பேச்சு நன்றாகப் போனது. நன்றாகப் போகிற பேச்சில், பிள்ளை பக்கத்தார் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களில் அதைப் பொய் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. வந்தவரைக் கதிரையில் இருக்கச் சொல்லுவது மாதிரி அதுவும் ஒரு முறை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

"பையனை இன்னும் மூன்று கல்லூரிகள் கேட்டுக்கொண்டு நிற்கின்றன," என்றார் தவமலர். "நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்."

"அப்படியா அம்மா? எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி," என்றார் கோச்.

தவமலர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "ஆள் ஆடிப்போனான். இனிப் பாருங்கோ, பொடியனுக்கு மரியாதை கூடும்."

மூன்றாம் நாள் பின்னேரம் நிரூபன் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை.

"மாமி, கோச்சிட்டை என்ன சொன்னனீங்கள்? வேறை ஓஃபர் இருக்கெண்டு சொன்னீங்களா?"

"ஓம், ஒரு பேச்சுக்கு..."

"ஒண்டும் இல்லை மாமி! சீறோ! நான் அவரிட்டை முதல் நாளே சொல்லிட்டன், என்னை வேறை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு."

"அதை ஆராவது முதல் நாளே சொல்லுவினமோடா?"

"நான் சொன்னனான்."

கோச் அனுப்பிய மின்னஞ்சலை அவன் செல்போனிலிருந்தே வாசித்துத் தமிழில் சொன்னான். 'உன்னை வேறு யாரும் கேட்கவில்லை என்று நீ சொன்னாய். மூன்று இடம் கேட்கிறது என்று உன் மாமி சொல்கிறார். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. களத்தில் பத்துப் பேர் உன் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஓட வேண்டும். ஆகவே உனக்கென்று வைத்திருந்த இடத்தை இனி வைத்திருக்க மாட்டேன். வேறொரு பையனைப் பார்க்கப் போகிறேன்.'

"நான் திருப்பி எழுதினனான். பதில் இல்லை." நிரூபன் செல்போனைப் பைக்குள் போட்டான். "உயரம் இல்லையெண்டால் ஓகே மாமி, அது நான் பிறந்தது அப்பிடி. இப்ப நான் பொய்யன்."

அவன் கத்தியிருந்தால் தவமலர் ஏதாவது சொல்லியிருப்பார். அவன் கத்தவில்லை. படலையை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

அன்று பொழுதுபட வாமதேவனிடமிருந்து அழைப்பு வந்தது. திட்டப்போகிறான் என்று தவமலர் தயாராக இருந்தார். வாமதேவனோ பாலும் தேனுமாகக் கதைத்தார். "மனசிலை வைக்காதேங்கோ அக்கா. நடந்தது நல்லதுக்குத்தான். கடவுளே வழி விட்டமாதிரி. இனி அவன் எஞ்சினியரிங்கைப் பாப்பான்."

அந்த ஆறுதல்தான் தவமலரைச் சுட்டது. இப்படியே விட்டால் ஒருவரும் ஒரு சொல் சொல்லப்போவதில்லை. தகப்பனுக்குச் சந்தோசம், தாய்க்குப் பிள்ளை பக்கத்தில். எத்தனையோ பேச்சுகளை அவர் குழப்பியிருக்கிறார்தான். குடிகாரனை, கடன்காரனை, ஏற்கெனவே ஓரிடத்தில் கலியாண எழுத்து முடித்து ஒளித்தவனை. எல்லாம் உள்ளதைச் சொல்லிக் குழப்பியது. தன் வாயிலிருந்து வந்த இல்லாததால் ஒரு வாக்கு உடைந்தது இதுதான் முதல்.

திரும்ப எடுத்துக் கேட்கலாம்தான். ஆனால் பிள்ளை பக்கத்தார் இரண்டாம் முறை போய் நிற்பது அவர் கேள்விப்படாத காரியம். அதோடு, அந்த இடம் நல்லதா கூடாததா என்றே இன்னும் தெரியாது. கூடாத இடத்துக்காகப் போய் ஏன் கெஞ்ச வேண்டும்?

பத்மநாதன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "இஞ்சரும், ஒண்டு கேக்கட்டே? மூத்த மருமகளை விசாரிச்சீரோ?"

தவமலர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கலியாணமாகி இவ்வளவு காலத்தில் இந்த மனிதன் பயனுள்ளதாக ஒன்று கேட்டிருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, எழும்பிப் போய் அவருக்கு ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளே நிரூபனைக் கூப்பிட்டார். அவன் மடிக்கணினியோடு வந்து, தூரமாகவே இருந்தான்.

"உனக்கு முன்னாலை உந்த இடத்திலை நிண்ட பொடியள் ஆர் ஆர்?"

"ஏன் மாமி இப்ப? எல்லாம் முடிஞ்சு."

"முடிஞ்சதோ இல்லையோ நான் சொல்லுறன். நீ பேரைச் சொல்லு."

அவன் கல்லூரியின் பழைய அணிகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு முகம் இரண்டு வருடம் நடுவில் நின்றது. மூன்றாம் வருடம் இல்லை. டைலர் நோவாக்.

"இவன் எங்கை போனவன்?"

"இஞ்சறியா இருக்கும். காயம்."

"இவன்ரை தாய் வேணும் எனக்கு."

"தாயா? டைலரை ஃபேஸ்புக்கிலை பிடிக்கலாம் மாமி, ஈஸி."

"பொடியன் நல்லதைத்தான் சொல்லுவான். தாய் உள்ளதைச் சொல்லுவாள்."

நிரூபனுக்கு முதல்முறையாக உதட்டோரம் அசைந்தது. பையன் எந்த ஊர் என்பது படத்துக்குக் கீழேயே இருந்தது. ஜம்புநாதன் அந்த ஊரின் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

திருமதி நோவாக் முதல்முறை, ஏதோ விற்க எடுக்கிறார்கள் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டார். தவமலர் உடனே திரும்ப எடுத்தார். "நான் ஒன்றும் விற்க வரவில்லை. உங்கள் மகன் நின்ற இடத்தில் எங்கள் மகன் நிற்கப் போகிறான். உங்கள் மகனை அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

அந்தப் பக்கத்தில் ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு திருமதி நோவாக் நிறுத்தவேயில்லை. டைலரின் முழங்கால் உடைந்தது. சத்திரசிகிச்சை முடியும்வரை அந்தக் கோச் ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே இருந்தார். இனி ஓட ஏலாது என்று டொக்டர் சொன்ன பிறகும், படிப்புக்குக் கொடுத்த உதவியை ஒரு சதமும் குறைக்கவில்லை. பயிற்சிகளை வீடியோ எடுக்கிற வேலை கொடுத்தார். வருகிற வைகாசியில் மகன் பட்டம் எடுக்கிறான், ஆசிரியராகப் போகிறான்.

"குறை ஒன்றும் இல்லையோ?" என்று கேட்டார் தவமலர். குறை சொல்லாத வாயை அவர் நம்புவதில்லை.

"குறையா? அந்த மனிதன் ஒரு கழுதை! கிறிஸ்மஸுக்கு முதல்நாள்கூட என் மகனைப் பழைய ஆட்டங்களைப் பார்க்கக் கூப்பிட்டான். தான் பிழை விட்டால் அதை ஒப்புக்கொள்ள ஒரு கிழமை செல்லும். விடுதியில் சூடு காணாது, நான் கம்பளி அனுப்பினேன். உங்கள் பிள்ளைக்கும் கொடுத்துவிடுங்கள்."

தவமலர் தொலைபேசியை வைத்தபோது, பக்கத்தில் இருந்த நிரூபன் கேட்டான்: "என்ன மாமி?"

"மூத்த மருமகள் நல்லா இருக்கிறாள்," என்றார் தவமலர்.

சனிக்கிழமை மதியம் கடையை வேலைக்காரப் பெண் றோஸ்மலரிடம் விட்டுவிட்டு வாமதேவனும் ஜெயகௌரியும் வந்தார்கள். என்ன செய்யப்போகிறார் என்பதைத் தவமலர் முதலே சொல்லிவிட்டார். வாமதேவனுக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, அவன் வேண்டாமெண்டு சொன்ன பிறகு நாங்கள் போய் நிக்கிறதோ? எங்கடை மரியாதை என்னாகும்?"

"உன்ரை மரியாதையை நான் எடுக்கேல்லை. என்ரையைத்தான் கொண்டுபோறன். நீ வேண்டாமெண்டு சொல்லுறதெண்டால் அதுக்குப் பிறகு சொல்லு. பொடியன் பொய்யன் இல்லை எண்டதை நான் சொல்லத்தான் வேணும்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தொலைபேசியை மேசையில் வைத்தார்கள். மணி போனது. கோச் எடுத்தார். தவமலர் எழும்பி நின்றுகொண்டார்.

"நான் நிரூபனின் மாமி."

"ம்ம்."

"மூன்று கல்லூரி கேட்கிறது என்று சொன்னது பொய். என் பொய். எங்கள் ஆட்களில் ஒரு பிள்ளைக்கு இடம் பேசும்போது அப்படிச் சொல்வது வழக்கம். ஒருவரும் கேட்காத பிள்ளை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது." மூச்சு வாங்கினார். "பையன் உங்களுக்குச் சொன்னதுதான் உண்மை. அவனை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும்தான்."

அறைக்குள் அந்த வசனம் பெரிதாகக் கேட்டது. ஜெயகௌரி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தார். வாமதேவன் நிலத்தைப் பார்த்தார். நிரூபன் மட்டும் நேரே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டைலரின் அம்மா எனக்கு எடுத்தார்," என்றார் கோச் கடைசியில். "லண்டனிலிருந்து ஒரு பெண்மணி பொலிஸை விட மோசமாகத் தன்னை விசாரித்தாராம். என்னைப் பற்றி என்ன சொன்னார்?"

"நல்லவர் என்று சொன்னார். கழுதை என்றும் சொன்னார்."

நிரூபன் கண்ணை மூடிக்கொண்டான். தொலைபேசிக்குள் ஒரு பெரிய சிரிப்பு வெடித்து, இருமலாகி, அடங்கியது.

"சரி அம்மா. நானும் ஒன்று சொல்ல வேண்டும். பையனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் அந்த மின்னஞ்சலை எழுதியிருக்கக் கூடாது." கோச் தொடர்ந்தார். "ஆனால் மற்றப் பையனைப் போய்ப் பார்த்துவிட்டேன். வா என்றும் சொல்லிவிட்டேன். அந்த வாக்கைத் திரும்பப் பெற மாட்டேன். ஆகவே இரண்டு பேர் வருவார்கள். முதலில் களத்துக்கு இறங்குவது யார் என்பதை ஆவணியில் மைதானத்தில் பார்ப்பேன். படிப்புக்கு நான் சொன்ன உதவி, சொன்னபடியே. நிரூபன் அங்கே இருக்கிறானா? இன்னும் வர விருப்பமா?"

"நான் முதல் சொன்னதுதான் கோச்," என்றான் நிரூபன். "நான் வாறன்."

தொலைபேசியை வைத்தாயிற்று. வாமதேவன்தான் தொடங்கினார். இந்தமுறை குரல் உயரவில்லை.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. குடுக்கலாமோ?"

"விடுதியிலை சூடு காணாது. மனுசன் பிடிவாதக்காரன். போட்டி ஒண்டையும் நானே கொண்டுவந்து வைச்சிருக்கிறன். அதை மறைக்கேல்லை." தவமலர் கதிரையில் இருந்து காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டார். "ஆனால் காயப்பட்ட பிள்ளையைக் கைவிடாத வீடு. நான் இவ்வளவு காலம் விசாரிச்சதிலை, அப்பிடி வீடு கன இல்லை. குடுக்கலாம்."

"அந்தத் தாயின்ரை நம்பரைத் தாங்கோ அக்கா," என்றார் ஜெயகௌரி. "கம்பளி எந்தத் தடிப்பு எண்டு கேக்க வேணும்."

வாமதேவன் எழும்பி யன்னலடிக்குப் போய், வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்சத்தைய யூனியை ஒரு வருசம் தள்ளிப்போடேலுமோ எண்டு கேட்டு வைப்பம். வைக்கிறதிலை நட்டமில்லை."

"கேளுங்கோ அப்பா."

"அந்த மற்றப் பொடியன் எவ்வளவு உயரமாம்?"

"ஆறடி நாலு."

"உயரமெண்டால் என்ன? எறியத் தெரிய வேணுமே!" வாமதேவன் திரும்பினார். அவருடைய கடைக்கு எதிரே யாரோ புதுக்கடை போட்டது மாதிரி முகம் சிவந்திருந்தது. "எறிவானோ?"

"நல்லா எறிவான். ஹார்லன் கிறீக் போறனெண்டு ஃபேஸ்புக்கிலை போட்டிருக்கிறான், வீடியோ பாத்தனான்."

"உன்னைவிடவோ?"

தவமலருக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. எந்தச் சபையிலும் சொல்லக்கூடிய அழகான பதில். உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நிரூபன் யோசித்தான். "இப்ப எண்டால், ஓம் அப்பா, என்னைவிட நல்லா எறிவான். ஆவணிக்கு இன்னும் நாள் கிடக்கு."

"அப்ப இஞ்சை இருந்து என்ன செய்யிறாய்?" என்றார் வாமதேவன். "பந்து காரிலை தானே கிடக்கு? இருட்ட முன்னம் எடுத்துக்கொண்டு வா. நான் எத்தினை அடி தள்ளி நிக்க வேணும் எண்டு சொல்லு."